கையில் சாவி, வீடெல்லாம் தேடல்! ஏன் தெரியுமா?

பூனைச் சாப்பாட்டை டீ பாட்டுக்குள் அள்ளிப் போட்ட ஒரு மனிதர், பின்னாளில் விமானிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அணுமின் நிலையப் பொறியாளர்களுக்கும் ‘தவறு எப்படி நடக்கிறது’ என்று பாடம் எடுத்தார். தெரியுமா?

ஜேம்ஸ் ரீசன் அவர் பெயர். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். 1970-களில் ஒரு நாள் வீட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருக்கிறார். பசித்த பூனை காலடியில் நின்று கத்துகிறது. சரி, முதலில் இதைக் கவனிப்போம் என்று டின்னைத் திறந்து ஒரு கரண்டி அள்ளியவர், பூனையின் தட்டை விட்டுவிட்டு டீ பாட்டில் போட்டுவிட்டார்! வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு பாத்திரத்தைக் கழுவப் போயிருப்பார்கள். ரீசன் உட்கார்ந்து யோசித்தார். தேயிலைக்கும் கரண்டி, பூனைச் சாப்பாட்டுக்கும் கரண்டி. இரண்டுக்கும் வாய் திறந்தபடி ஒரு பாத்திரம் காத்திருக்கிறது. இரண்டு வேலைகளின் உருவமும் ஒன்றாக இருந்ததால் கை தடம் மாறிவிட்டது. அப்படியானால் இந்தப் பிசகுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒழுங்கு இருந்தால் ஆராயலாம்!

ஆராய்ந்தார். 35 பேரிடம் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். செய்ய நினைத்தது ஒன்று, செய்தது வேறொன்று என்று ஆன ஒவ்வொரு தடவையும் குறித்து வைக்க வேண்டும். இரண்டே வாரத்தில் 433 பிசகுகள் சேர்ந்தன! ஆளுக்குச் சுமார் 12. அதுவும் தாங்களே கவனித்து, மறக்காமல் எழுதி வைத்தவை மட்டும். கவனிக்காமலே போனவை எத்தனையோ!

இதைவிட வியப்பு, அந்தப் பிசகுகள் எங்கே நடந்தன என்பது. புதிய வேலையில் அவ்வளவாக இல்லை. தினமும் செய்து செய்து கைக்குப் பழகிப்போன வேலைகளில், நன்றாகத் தெரிந்த இடங்களில்தான் அவை மண்டிக் கிடந்தன. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்பவர் கிளச்சை மிதிக்கும்போது வேறெதையும் நினைக்க முடியாது. பல வருடம் ஓட்டியவர்தான், ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குக் கிளம்பி, அலுவலகம் போகும் சாலையில் திரும்பிவிடுகிறார். வேலை கைக்கு வந்துவிட்டால் மனம் அங்கிருந்து விடுபடுகிறது. விடுபட்ட மனம் எங்கோ போய்விடுகிறது. தேர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

இது இந்தக் காலத்து நோய், செல்போன் வந்த பிறகு வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் வெளியிட்ட தமது பெரிய நூலில் ஒரு வகை ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவு விருந்துக்கு உடை மாற்றப் படுக்கையறைக்குப் போவார்களாம். ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்து, கடைசியில் படுக்கையில் ஏறிப் படுத்துக்கொள்வார்களாம்! அந்த நேரத்தில் அந்த அறையில் உடையைக் கழற்றினால் அடுத்து என்ன? தூக்கம்தானே! பழக்கம் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டது.

சரி, பிசகு எல்லோருக்கும் வருகிறது. ஆனால் சிலருக்கு மட்டும் ஏன் இவ்வளவு அடிக்கடி? இதை அளக்க ஓர் அளவுகோல் இருக்கிறது, தெரியுமா? பிரிட்டிஷ் உளவியலாளர் டொனால்ட் பிராட்பென்ட்டும் அவருடைய குழுவினரும் 1982-இல் வெளியிட்ட 25 கேள்விகள். ஒரு பக்கம் படித்து முடித்த பிறகு எதுவுமே மனதில் ஏறவில்லை என்று மறுபடி படிக்கிறீர்களா? ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்கிறீர்களா? வழி சொல்லும்போது இடது, வலது குழம்புகிறதா? கடையில் கண்ணெதிரே இருக்கும் பொருளைத் தேடுகிறீர்களா? எறிய வேண்டியதை வைத்துக்கொண்டு, வேண்டியதை எறிந்துவிடுகிறீர்களா? கடந்த ஆறு மாதத்தில் எவ்வளவு அடிக்கடி என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண். மொத்தம் நூறு.

மறதிக்காரர் தம் மறதியையே மறந்துவிட்டால் மதிப்பெண் தப்பாகிவிடாதா? பிராட்பென்ட் அதையும் யோசித்திருந்தார்! வாழ்க்கைத்துணையிடம் கொடுக்கத் தனியாக ஒரு சிறிய கேள்வித்தாள் வைத்தார். கணவன் தன்னைப் பற்றிச் சொன்னதும் மனைவி அவரைப் பற்றிச் சொன்னதும் ஓரளவு ஒத்துப்போயின. அமெரிக்கக் கடற்படையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட புதிய வீரர்களிடம் இதே கேள்விகளைக் கேட்டார்கள். மதிப்பெண் கூடியவர்களிடம் விபத்துகளும் கூடியிருந்தன. வீட்டில் சாவியைத் தேடுவதற்கும் வெளியில் தடுக்கி விழுவதற்கும் ஒரே வேர்!

அந்த வேர் எவ்வளவு ஆழம் போகிறது? நெதர்லாந்தில் பதின்பருவ இரட்டையர்களிடமும் அவர்களுடைய பெற்றோரிடமும் இதே கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998-இல் முடிவு வந்தது. ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபுவழி வருவது! ‘அப்படியே உங்க அப்பா மாதிரி’ என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறோமே, அதில் பாதி உண்மை.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தினர் இன்னும் உள்ளே போனார்கள். சுமார் 500 பேரின் மறதி மதிப்பெண்ணையும் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அவற்றில் ஒருவகையை உருவாக்கும் மரபணுவின் பெயர் டிஆர்டி2. அந்த மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் சிலருக்குச் சைட்டோசின் என்ற எழுத்து இருக்கும், சிலருக்குத் தைமின் இருக்கும். 2014-இல் அவர்கள் அறிவித்தது: தைமின் உள்ளவர்களுக்குக் கவனப்பிசகு அதிகம்! நீண்ட எழுத்துச் சரத்தில் ஓர் எழுத்து மாறினால், கடைக்குக் குடையோடு போனவர் குடையில்லாமல் திரும்பும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. கொஞ்சம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு மரபணு யாருடைய தலையெழுத்தையும் தனியாக எழுதிவிடுவதில்லை.

மூளையின் உருவத்திலேயே வித்தியாசம் தெரிகிறது, தெரியுமா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ரியோட்டா கனாய் குழுவினர் 145 பேரின் மூளையைப் படமெடுத்தார்கள். எளிதில் கவனம் சிதறுபவர்களுக்கு இடப்பக்க உச்சிக்குக் கீழே, கவனத்தோடு தொடர்புடைய ஒரு பகுதியில் சாம்பல்நிறப் பொருள் குறைவாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? அதிகமாக இருந்தது! வளரும் வயதில் மூளை தனக்கு வேண்டாத இணைப்புகளைக் கழித்துக்கட்டுகிறது. அந்தக் கழிப்பு இவர்களுக்குக் குறைவாக நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. அதே பகுதியைக் காந்தத் துடிப்பால் சற்று நேரம் மந்தமாக்கிப் பார்த்தபோது, கவனச்சிதறல் இன்னும் கூடியது. அப்படியானால் அந்தப் பகுதி கவனத்தைக் காக்கத்தான் போராடிக்கொண்டிருக்கிறது!

பராக்குப் பார்க்கிறான் என்று பிள்ளையின் காதைத் திருகும் பெரியவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அந்தப் பிள்ளை அலட்சியமாக இல்லை. உங்களை மதிக்காமலும் இல்லை. அவனுடைய மூளைக்கு, அதே வேலையைப் பிடித்து நிறுத்த உங்கள் மூளையைவிடக் கூடுதல் உழைப்பு தேவைப்படலாம். திட்டு அந்த உழைப்பைக் குறைக்காது.

இனி ஒரு பெரிய ஆச்சரியம். நீங்கள் தவறு செய்யப்போகிறீர்கள் என்று உங்கள் மூளை முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும்! எவ்வளவு முன்பு? ஒரு விநாடியா, இரண்டு விநாடியா? 30 விநாடி வரை! நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் ஐகலெ தலைமையில் 2008-இல் வந்த ஆய்வு இது. ஒரே மாதிரியான சலிப்பூட்டும் வேலையை ஸ்கேனருக்குள் படுத்தபடி செய்தவர்களின் மூளையில், தவறு நடப்பதற்கு அரை நிமிடம் முன்பே ஒரு மாற்றம் தொடங்கிவிட்டது. ஓய்வின்போது விழித்துக்கொள்ளும் பகுதிகள் மெல்ல எழுந்தன, முயற்சிக்குரிய பகுதிகள் மெல்லத் தளர்ந்தன. தவறு சட்டென்று வருவதில்லை, மெதுவாக நடந்து வருகிறது.

ஓய்வின்போது விழிக்கும் பகுதிகளா? ஆமாம்! உடல் எடையில் வெறும் 2 சதவீதமான மூளை, உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைத் தின்கிறது. கணக்குப் போட்டாலும் சரி, சும்மா உட்கார்ந்தாலும் சரி, அந்தச் செலவில் பெரிய மாற்றம் இல்லை. சும்மா இருக்கும்போது அப்படி என்ன செய்கிறது? 2001-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மார்கஸ் ரெய்க்கல் குழுவினர் இதற்கு வழிகாட்டினார்கள். வெளிவேலை இல்லாதபோது தானாக இயங்கும் ஒரு வலைப்பின்னலே மூளைக்குள் இருக்கிறது. நேற்றைய சண்டை, நாளைய கல்யாணம், எப்போதோ யாரோ சொன்ன ஒரு சொல், எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. நாம் வேலைக்குத் திரும்பும்போது அது அடங்க வேண்டும். அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் பால் பொங்கி வழிகிறது.

அது எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்டால் திகைத்துப்போவீர்கள். 2010-இல் ஹார்வர்டைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2,250 பேரின் ஐபோன்களில் ஒரு செயலி வழியாக எதிர்பாராத நேரங்களில் கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா? 46.9 சதவீத நேரம் இல்லை! விழித்திருக்கும் வாழ்வில் ஏறக்குறையப் பாதியை நாம் வேறெங்கோ வாழ்கிறோம்.

தூக்கத்துக்கு வருவோம். இது பலருக்கும் நேரடியாகத் தொடர்புள்ளது. 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தன்னார்வலர்களை 14 நாள் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, இரவுக்குச் சிலரை 4 மணி நேரம், சிலரை 6 மணி நேரம், சிலரை 8 மணி நேரம் என்று தூங்கவைத்தார்கள். 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. கடைசியில் ஒன்றிரண்டு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் அவர்களுக்குத் தாங்கள் சரிந்தது பெரிதாகத் தெரியவே இல்லை! ‘எனக்கு ஆறு மணி நேரம் போதும்’ என்று சொல்பவரின் மூளை அப்படிச் சொல்வதில்லை. அதே ஆராய்ச்சிக் குழு ஒரே ஆட்களை மூன்று முறை 36 மணி நேரம் விழிக்கவைத்தும் பார்த்தது. சிலர் ஒவ்வொரு முறையும் தடுமாறினார்கள், சிலர் ஒவ்வொரு முறையும் தாக்குப்பிடித்தார்கள். தூக்கம் கெட்டால் யார் கவனம் சிதறும் என்பதுகூட ஆளோடு பிறந்த குணம்போல நிலையாக இருந்தது.

விழித்திருக்கும்போதே மூளையின் ஒரு மூலை மட்டும் தூங்கும், தெரியுமா? 2011-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெடுநேரம் விழிக்கவைக்கப்பட்ட எலிகளிடம் இதைக் கண்டார்கள். எலி நடக்கிறது, கண் திறந்திருக்கிறது, முழு விழிப்பு. ஆனால் மூளையின் புறணியில் சில நரம்பணுக்கள் மட்டும் தூக்கத்தில் அணைவதைப் போல அணைந்து அணைந்து எரிகின்றன! சர்க்கரை உருண்டையை எடுக்கக் கை நீட்டும் நேரத்தில் அந்த அணுக்கள் அணைந்தால், எலி உருண்டையைத் தவறவிட்டது.

2025-இல் எம்ஐடி-யின் லாரா லூயிஸ் குழுவினர் மனிதரில் கண்டது இன்னும் அதிசயம். இரவெல்லாம் தூங்காத 26 பேர், ஸ்கேனருக்குள். கவனம் தவறும் அந்த நொடியில் மூளையைச் சுற்றியுள்ள திரவம் அலைபோல வெளியே பாய்கிறது. கவனம் மீளும்போது திரும்பி வருகிறது. ஆழ்ந்த தூக்கத்தில் நடக்கும் பாய்ச்சல் அது! தூங்கவிடப்படாத மூளை, பட்டப்பகலில் துண்டு துண்டாகத் தூக்கத்தின் வேலையைத் திருடிச் செய்துகொள்கிறது போலும். கூடவே கண்மணியும் சுருங்குகிறது, அதுவும் சில விநாடி முன்பாகவே.

அறிவாளிகளுக்கு இந்தத் தொல்லை இல்லையா? உலகப் புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யோ-யோ மா, 1733-இல் செய்யப்பட்ட, 25 லட்சம் டாலர் மதிப்புள்ள தமது வாத்தியத்தை 1999-இல் நியூயார்க்கில் ஒரு டாக்ஸியின் டிக்கியிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்! மேடையில் மணிக்கணக்கில் ஒரு ஸ்வரம் பிசகாதவர். நல்லவேளை, அன்றே கிடைத்துவிட்டது.

நிபுணர்களின் கண்ணும் தப்புவதில்லை. 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேன் படங்களில் கட்டி தேடும் கதிரியக்க மருத்துவர்கள் 24 பேரிடம் படங்களைக் கொடுத்தார்கள். அவற்றுக்குள் ஒரு கொரில்லா படத்தை ஒளித்துவைத்தார்கள். சாதாரணக் கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா! 20 பேர் பார்க்கவில்லை. அவர்களில் பெரும்பாலோரின் கண் நேராக அதன் மேலேயே போய் நின்றதைக் கருவி பதிவு செய்திருந்தது. கண் போகிறது, மனம் போகவில்லை.

கூட்டத்தில் யாரோ உங்கள் பெயரைச் சொன்னால் காதில் விழுமா? அதற்கும் ஆளைப் பொறுத்துத்தான் பதில்! 2001-இல் ஓர் ஆய்வு. ஒரு காதில் வரும் சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும், மறு காதில் வருவதைப் புறக்கணிக்க வேண்டும். அந்த மறு காதில் நடுவே அவர்களுடைய பெயரையே சொன்னார்கள். மனதில் ஒரே நேரத்தில் பல விஷயங்களைத் தாங்கிப்பிடிக்கும் திறன் மிகுந்தவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் அது கேட்டது. அந்தத் திறன் குறைந்தவர்களில் 65 சதவீதம் பேருக்குக் கேட்டுவிட்டது! கேட்டதால் வேலை கெட்டது. ஆனால் வேலை மிக எளிதாக இருந்தால் கதை தலைகீழ். அப்போது அந்தத் திறன் மிகுந்தவர்களின் மனம்தான் அதிகம் அலைகிறது என்று 2012-இல் கண்டார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் மனம் மேயப் போய்விடுகிறது.

அந்தத் திறனின் உச்சியை நம் ஊர் பார்த்திருக்கிறது. நாகர்கோவில் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்து காட்டியவர். கேட்ட ஈற்றடிக்குப் பாட்டு, கணக்குக்கு விடை, நடுநடுவே அடிக்கும் மணியின் எண்ணிக்கை, முதுகில் விழும் கற்களின் எண்ணிக்கை என்று ஒரே நேரத்தில் பலவற்றை நடத்துவது அவதானக் கலை. கடைசியில் எதுவும் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். சதாவதானத்தில் அப்படி நூறு! நான் மிகவும் மதிக்கும் தமிழ்ச் சாதனைகளில் அது ஒன்று. நீண்ட பயிற்சியால் மனம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

அறைவாசலைத் தாண்டியதும் வந்த காரியம் மறந்துபோவதை அமெரிக்காவின் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தில் கேப்ரியேல் ராட்வான்ஸ்கி 2011-இல் சோதித்துக் காட்டினார். வாசலைக் கடந்தால் மறதி கூடுகிறது. பழைய அறைக்கே திரும்பி வந்தாலும் ஞாபகம் திரும்புவதில்லை! ஆனால் 2021-இல் ஆஸ்திரேலியாவின் பாண்ட் பல்கலைக்கழகத்தினர் மறுபடி செய்தபோது, வாசல் எல்லோரையும் மறக்கவைக்கவில்லை. தலையில் ஏற்கெனவே வேறொரு வேலையைச் சுமந்துகொண்டு போனவர்களைத்தான் மறக்கவைத்தது. ‘இந்த வீட்டில் எனக்குத்தான் எல்லாம் மறக்கிறது’ என்று வருந்தும் அம்மாவின் தலையில், வீட்டில் எல்லோருடைய வேலைப் பட்டியலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

வயதானால் மனம் அதிகம் அலையும் என்று நினைக்கிறீர்களா? இல்லை! பெயர்கள் மறக்கலாம். ஆனால் செய்யும் வேலையை விட்டு மனம் ஓடுவது, ஆய்வுக்கு மேல் ஆய்வாக, முதியவர்களிடம் இளைஞர்களைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கிறது. மனிதனின் கவனம் 8 விநாடி, தங்கமீனைவிடக் குறைவு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு எந்த ஆய்வின் ஆதாரமும் கிடையாது. தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

கூட்டத்தில் கிறுக்கிக்கொண்டிருப்பவரையும் முறைக்காதீர்கள். 2009-இல் இங்கிலாந்தின் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேருக்கு ஒரு சலிப்பான தொலைபேசிச் செய்தியைப் போட்டுக்காட்டினார். கேட்டுக்கொண்டே காகிதத்தில் வடிவங்களுக்கு நிழல் தீட்டியவர்களுக்கு 29 சதவீதம் கூடுதலாக நினைவிருந்தது!

பிசகு சிறியதுதான், விலை எப்போதும் சிறியதில்லை. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சின்ன விளக்கு எரியவில்லை. பல்பு ஃப்யூஸ் போயிருந்தது, அவ்வளவே. விமானி அறையே அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிச் சதுப்பு நிலத்தில் மோதியது. 101 உயிர்கள். அங்கிருந்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் விமானத் துறை ‘கவனமாயிரு’ என்று அதட்டுவதோடு நிற்காமல், யார் எதைப் பார்க்க வேண்டும் என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் பயிற்சியைக் கொண்டுவந்தது.

ஜப்பானிய ரயில்வே அதற்கு வெகுகாலம் முன்பே ஒரு வழி கண்டுவிட்டது, தெரியுமா? சிக்னலைக் கண்ணால் பார்த்தால் போதாது. வெள்ளைக் கையுறை அணிந்த கையை நீட்டிச் சுட்டி, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்! கண், கை, வாய், காது நான்கும் ஒரே இடத்துக்கு வந்தால் மனமும் வந்தே தீரும். அங்குள்ள ரயில் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, ஓர் எளிய வேலையில் நூறு செயலுக்கு 2.38 ஆக இருந்த தவறு, சுட்டிச் சொன்னதும் 0.38 ஆக இறங்கியது. மாத்திரை இல்லை, இயந்திரம் இல்லை, ஒரு பைசா செலவில்லை! கேஸை மூடியதும் குழாயைச் சுட்டி ‘மூடிட்டேன்’ என்று சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வாசலுக்குப் போன பிறகு திரும்பி வந்து பார்க்கும் வேலை குறையும். நியூயார்க் சுரங்க ரயிலில் 1996 முதல் இது விதி. ஒவ்வொரு நிலையத்திலும் நடைமேடையின் நடுவில் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஒரு பலகை தொங்கும். வண்டி நின்றதும் கண்டக்டர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அந்தப் பலகையைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் கதவுகளைத் திறப்பார்.